எந்த ஊரைக் காக்கப் போனான் மண்டெல்லா?

கேள்வி இது: வேற்றுக்கிரக உயிர்களிடமிருந்து மனித குலத்தைக் காக்கும் ராணுவ அறிவியல் புனைகதைகளில் ஒன்றே ஒன்றைத்தான் படிக்க முடியும் என்றால் எதைப் படிப்பது? எல்லாமே வெடியும் புகையும்தானே, அதற்கு மேல் அவற்றில் என்ன இருக்கிறது?

ஒன்றே ஒன்று என்றால், தயங்காமல் ஜோ ஹால்டமன் எழுதிய 'தி ஃபாரெவர் வார்'. 1974-இல் வந்த அமெரிக்க நாவல். ஏன் என்பதைச் சொல்லக் கொஞ்சம் சுற்றி வர வேண்டும். கதையின் முடிவையும் தொட்டாக வேண்டும். முடிவு தெரிந்தால் படிக்கும் ஆசை போய்விடும் என்பவர்கள் புத்தகத்தை முடித்துவிட்டு இங்கே வாருங்கள்.

இந்த வகைக் கதைகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் புறத்திணைதான் நினைவுக்கு வரும். நம் முன்னோர் போரை ஒரே சொல்லில் அடக்கவில்லை. பகைவரின் ஆநிரையைக் கவர்ந்தால் வெட்சி, மீட்டால் கரந்தை. மண்ணாசையால் அடுத்தவன் நாட்டின்மேல் படை நடத்தினால் வஞ்சி. வளைக்கப்பட்ட மதிலுக்குள் நின்று காத்தால் நொச்சி. யார் எதற்காகப் போரிடுகிறார்கள் என்பதைப் பொறுத்து வீரன் சூடும் பூவே மாறிவிடும். 'மனித குலத்தைக் காக்கும் போர்' என்று அட்டையில் போட்டிருக்கும் நாவல்கள் எல்லாம் தம்மை நொச்சி என்றே சொல்லிக்கொள்கின்றன. உள்ளே போய்ப் பார்த்தால் பல வேளை பூ வேறாக இருக்கிறது.

உண்மையான நொச்சி என்றால் எச். ஜி. வெல்சின் 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்', 1898. செவ்வாய்க்காரர்கள் இங்கிலாந்தின் வோக்கிங் நகரத்தருகே வந்து இறங்குகிறார்கள். மனிதனுக்குத் தப்பிக்க இடமில்லை. பீரங்கிப்படை ஒரு முக்காலி இயந்திரத்தை வீழ்த்துகிறது, ஒரு போர்க்கப்பல் தன்னையே பலி கொடுத்து அகதிகளைக் காப்பாற்றுகிறது. அதோடு ராணுவத்தின் கதை முடிகிறது. மீதியைக் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் பார்த்துக்கொள்கின்றன. இதை நான் ராணுவக் கதை என்று சொல்ல மாட்டேன். ஓடி ஒளியும் குடிமகனின் கண்ணால் சொல்லப்பட்ட கதை அது. ஆனாலும் முதல் அத்தியாயத்திலேயே வெல்ஸ் ஒரு காரியம் செய்கிறார். ஐரோப்பியர்கள் ஐம்பதே ஆண்டுகளில் டாஸ்மேனிய மக்களை அழித்ததை நினைவூட்டி, செவ்வாய்க்காரன் நம்மிடம் அதையே செய்தால் குறை சொல்ல நாம் யார் என்று கேட்கிறார். மதிலுக்குள் நிற்பவனைப் பார்த்து, நேற்று நீ யாருடைய மதிலை இடித்தாய் என்று கேட்பது போன்றது. பின்னால் வந்த பலர் இந்தக் கேள்வியை மறந்துவிட்டார்கள்.

சிப்பாயின் கண்ணால், பயிற்சி முகாமிலிருந்து தொடங்கிச் சொல்லும் முறைக்கு அச்சு வார்த்தவர் ராபர்ட் ஹைன்லைன். 1959-இல் வந்த 'ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்'. மனிதனின் பலத்தைப் பன்மடங்காக்கும் இயந்திரக் கவசம், சாவைக் கற்றுக்கொடுக்கும் பயிற்சியாளர்கள், பூச்சிகளைப் போன்ற பகைவர், பணியாற்றியவனுக்கே வாக்குரிமை என்ற வாதம், எல்லாம் அதில் உண்டு. ஹைன்லைன் அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியில் படித்து அதிகாரியானவர். காசநோயால் 1934-இல் ஓய்வு பெற்றார், போர்க்களம் பார்க்கவில்லை. அதனால்தானோ என்னவோ, அவருடைய நாவலில் ராணுவம் ஒரு நல்ல பள்ளிக்கூடம் போல இருக்கிறது. பையன் உள்ளே போகிறான், ஆளாகி வெளியே வருகிறான். நன்றாக எழுதப்பட்ட நூல், படிக்கவும் வேண்டும். ஆனால் அதை மட்டும் படித்தால் பாதிதான் கிடைக்கும்.

மறுபாதியை எழுதியவர் போரிலிருந்து திரும்பி வந்தவர். ஹால்டமன் 1967-இல் இயற்பியலும் வானியலும் படித்துப் பட்டம் பெற்றார். அதே ஆண்டு கட்டாய ராணுவச் சேவைக்கு அழைக்கப்பட்டார். வியட்நாமின் மத்திய மேட்டுநிலத்தில் பொறியியல் படைப்பிரிவில் வேலை. படுகாயமடைந்து, 'பர்ப்பிள் ஹார்ட்' பதக்கத்தோடு ஊர் திரும்பினார். பிறகு ஐயோவா பல்கலைக்கழகத்தின் எழுத்துப் பட்டறையில் முதுகலைப் பட்டத்துக்காக இந்த நாவலையே ஆய்வேடாகக் கொடுத்தார். பதினெட்டுப் பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. புத்தகம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் வியட்நாமைப் பற்றிய அறிவியல் புனைகதையை யார் வாங்குவார்கள் என்பதுதான் பலரின் பதில். பத்தொன்பதாவதாகச் செயின்ட் மார்ட்டின்ஸ் பதிப்பகம் துணிந்தது. நெபுலா, ஹியூகோ ஆகிய இரண்டு பெரிய விருதுகளும் அதற்கே போயின.

கதைநாயகன் வில்லியம் மண்டெல்லா இயற்பியல் மாணவன். 'ஹால்டமன்' என்ற பெயரின் எழுத்துகளைக் கலைத்துப் போட்டால் கிட்டத்தட்ட மண்டெல்லா வரும். காதலியின் பெயர் மேரிகே பாட்டர், அது ஹால்டமன் மனைவியின் திருமணத்துக்கு முந்தைய பெயர். மறைக்கும் எண்ணமே ஆசிரியருக்கு இல்லை.

புவியிலிருந்து குடியேறப் போன விண்கலம் ஒன்று காணாமல் போகிறது. டாரன்கள் என்ற வேற்றினம்தான் அழித்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டி, 1996-இல் ஒரு சட்டம் வருகிறது: மிகுந்த அறிவுத்திறன் கொண்ட ஐம்பது ஆண்களும் ஐம்பது பெண்களும் கட்டாயமாகப் படைக்கு. வியட்நாம் காலத்தில் கல்லூரி மாணவர்களுக்கு விலக்கு இருந்தது, ஏழை வீட்டுப் பிள்ளைகள் அதிகம் போனார்கள் என்ற கசப்பு அமெரிக்காவில் பரவலாக இருந்தது. ஹால்டமன் அதைத் தலைகீழாக்குகிறார். படித்தவனை அனுப்பினால் மட்டும் போர் அறிவுடையதாகிவிடுமா என்பது அதில் பொதிந்திருக்கும் கேள்வி.

முதல் காட்சியிலேயே ஒரு பயிற்சியாளன் மனிதனை ஓசைப்படாமல் கொல்ல எட்டு வழிகளைக் காட்டுகிறான். மண்டெல்லாவைவிட அவனுக்கு ஐந்து வயதுகூட மூப்பு இருக்காது. எதிரியோ மனிதனே அல்ல; டாரன் எப்படி இருப்பான், அவனுக்குக் கழுத்து என்று ஒன்று உண்டா என்றுகூட எவருக்கும் தெரியாது. ஆனாலும் பழைய பாடம் நடக்கிறது, ஏனென்றால் அந்தப் பாடம்தான் கையில் இருக்கிறது. இது கற்பனை வறட்சி என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய நிறுவனங்கள் இயங்கும் விதத்தை ஒரே பக்கத்தில் பிடித்திருக்கிறார்.

பிறகு கேரன் என்ற கோளில் பயிற்சி. நாவலில் அது புளூட்டோவுக்கும் அப்பால் உள்ள தனிக் கோள். புளூட்டோவின் நிலவு கண்டுபிடிக்கப்பட்டதே 1978-இல்தான், அதற்கும் கேரன் என்றே பெயர் வைத்தார்கள். நாவல் நான்கு ஆண்டுகள் முந்திக்கொண்டது. அந்தக் கோளில் ஹைட்ரஜனே உறைந்து தரையில் கிடக்கிறது, அதாவது சுழியத்துக்குக் கீழே 259 டிகிரி செல்சியசையும் தாண்டிய குளிர். வீரன் அணிந்திருக்கும் கவசம் அவன் உடல் வெப்பத்தையும் இயந்திரத்தின் வெப்பத்தையும் முதுகில் உள்ள தகடுகள் வழியாக வெளியேற்றும். அவன் கால் தடுக்கி மல்லாந்து விழுந்தால் அந்தச் சூட்டில் உறைந்த வாயு ஒரே நொடியில் ஆவியாகி வெடிக்கும், தகடு உடையும், ஆள் காலி. ஹைன்லைனிடம் அதே கவசம் மனிதனை மாவீரனாக்கியது. இங்கே அது அவனைக் கொல்லக் காத்திருக்கும் இன்னொரு பொருள். எதிரியை ஒரு முறைகூடப் பார்க்காமலே பயிற்சியில் பலர் சாகிறார்கள். வெடிமருந்தோடு பழகிய பொறியியல் படைவீரர் எழுதியது என்பது இந்தப் பக்கங்களில் நன்றாகத் தெரியும்.

முதல் சண்டை இன்னும் மோசம். வீரர்களின் மனத்துக்குள் மயக்க நிலையில் ஒரு வெறுப்பு விதைக்கப்பட்டிருக்கிறது. குறிச்சொல் ஒலித்ததும் டாரன்கள் செய்ததாகச் சொல்லப்படும் கொடுமைகள் படம் படமாக ஓடுகின்றன. அவை பொய் என்று மண்டெல்லாவின் அறிவுக்குத் தெரிகிறது. தெரிந்தும் கை சுடுகிறது. எதிரிகள் திருப்பித் தாக்கவே தெரியாதவர்கள், தரையில் நடக்கும் சண்டை என்றால் என்ன என்பதையே அறியாதவர்கள். நடப்பது போர் அல்ல, கசாப்பு. முடிந்ததும் மண்டெல்லாவுக்கு வாந்தியும் குற்றவுணர்வும்தான் மிஞ்சுகின்றன. கவரப்படாத ஆநிரையைச் சொல்லி வஞ்சிப்பூ சூடியிருக்கிறார்கள் என்பது நமக்கு அப்போதே உறைக்கத் தொடங்குகிறது.

இதுவரை சொன்னதை வேறொரு நல்ல எழுத்தாளரும் எழுதியிருக்கலாம். ஹால்டமனின் தனிச் சாதனை காலத்தைக் கையாண்டதில் இருக்கிறது.

விண்மீன்களுக்கிடையே போக நாவலில் ஒரு குறுக்கு வழி உண்டு. இறந்து சுருங்கிய விண்மீன் ஒன்றில் நுழைந்தால் இன்னொன்றின் வழியாக அந்தக் கணமே வெளியே வரலாம். ஆனால் அந்த வாசலுக்குப் போய்ச் சேரவும், மறுபக்கம் இறங்கியபின் இலக்கை அடையவும் ஒளியின் வேகத்தை நெருங்கிப் பறக்க வேண்டும். அப்படிப் பறப்பவனுக்குக் காலம் மெதுவாக ஓடும். இது ஐன்ஸ்டைன் 1905-இல் சொன்னது, கதைக்காகக் கட்டிய மாயம் அல்ல. வளிமண்டலத்தின் உயரத்தில் காஸ்மிக் கதிர்கள் மோதிப் பிறக்கும் மியுவான் என்ற துகளின் சராசரி ஆயுள் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் 2.2 பங்குதான். அந்த நேரத்தில் ஒளியே 660 மீட்டர்தான் போகும். ஆனால் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் பிறக்கும் மியுவான்கள் தரைவரை வந்து சேர்கின்றன. நம் ஊட்டியில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் நடத்தும் கிரேப்ஸ்-3 ஆய்வகம் அவற்றைத்தான் இரவும் பகலும் எண்ணிக்கொண்டிருக்கிறது. வேகமாக வரும் மியுவானின் கடிகாரம் நம் பார்வையில் மெதுவாக ஓடுவதால்தான் அது சாகாமல் வந்து சேர்கிறது.

நம்மவர்களுக்கு இது புதிதாகவும் படாது. மகள் ரேவதிக்கு மாப்பிள்ளை கேட்டுப் பிரம்மலோகம் போன ககுத்மி மன்னனின் கதை பாகவதத்தில் இருக்கிறது. அங்கே ஒரு பாட்டு முடியும்வரை காத்திருந்தான், அதற்குள் பூமியில் 27 சதுர்யுகங்கள் கழிந்துவிட்டன. அவன் மனத்தில் வைத்திருந்த மாப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகளின் பெயர்கூட மிஞ்சவில்லை. ககுத்மியின் கையில் வில்லைக் கொடுத்து, உன் நாட்டைக் காப்பாற்று என்று சொல்லி மறுபடி மறுபடி அனுப்பினால் என்ன ஆகும்? அதுதான் மண்டெல்லாவின் கதை.

அவனுக்கு இரண்டு ஆண்டுகளே கழிந்திருக்கின்றன. ஊர் திரும்பும்போது பூமியில் 2024. அந்த ஆண்டை நாமே கடந்துவிட்ட பிறகு இந்தப் பகுதியைப் படிப்பது ஒரு தனி அனுபவம். நாவலின் 2024-இல் உணவுக் கலோரிதான் நாணயம். தெருவில் காவலாள் இல்லாமல் நடக்க முடியாது. மண்டெல்லாவின் தாய் மூதாட்டியாகிவிட்டார். ஒவ்வொருவரும் சமூகத்துக்கு எவ்வளவு தேவை என்று அரசு மதிப்பெண் போடுகிறது. தாயின் மதிப்பெண் சுழியம், ஆகவே அவருக்கு மருத்துவம் கிடையாது. மனித குலத்தைக் காக்கப் போன மகனின் கண்ணெதிரே, பிழைக்க வைத்திருக்கக்கூடிய நோயில் தாய் சாகிறாள். மண்டெல்லாவும் மேரிகேயும் மீண்டும் படையிலேயே சேர்கிறார்கள். வீரத்தால் அல்ல, போவதற்கு வேறு இடம் இல்லாததால்.

வியட்நாமிலிருந்து அமெரிக்கச் சிப்பாய்கள் பெரும்பாலும் படையோடு திரும்பவில்லை. தத்தம் தவணை முடிந்ததும் தனித்தனியாக விமானம் ஏறினார்கள். காட்டில் நின்றவன் சில நாட்களில் தன் வீட்டுக் கூடத்தில் நின்றான். கூடம் அப்படியே இருந்தது, அவனுக்குத்தான் அதில் இடமில்லை. அந்த அந்நியத்தை ஹால்டமன் இயற்பியலின் மொழியில் எழுதினார். மனம் உணர்ந்ததைக் கடிகாரத்தில் காட்டினார். அவருக்கு முன்னும் பின்னும் எத்தனையோ பேர் கால நீட்சியைக் கதையில் பயன்படுத்தியிருக்கிறார்கள். இவ்வளவு வலியோடு எவரும் பயன்படுத்தியதாக எனக்குத் தெரியவில்லை.

இதே கணக்கு போர்க்களத்தையும் புரட்டிப் போடுகிறது. நீங்கள் சந்திக்கும் எதிரிக் கப்பல் உங்களுக்குப் பல தலைமுறை பிந்திய காலத்திலிருந்து வந்திருக்கலாம், அவனுடைய ஆயுதம் உங்கள் கற்பனைக்கும் எட்டாததாக இருக்கலாம். அடுத்த சண்டையில் நீங்கள் பிந்தியவராகவும் அவன் முந்தியவனாகவும் இருக்கலாம். வியூகம் என்ற சொல்லுக்கே பொருள் இல்லாமல் போகிறது. கடைசிச் சண்டையில் ஒரு விசித்திரமான அரண் வருகிறது. அதன் உள்ளே எதுவும் நொடிக்கு 16.3 மீட்டருக்கு மேல் நகர முடியாது. நம் நெடுஞ்சாலைப் பேருந்தின் வேகம், மணிக்கு 59 கிலோமீட்டர்கூட இல்லை. துப்பாக்கி வேலை செய்யாது, மின்சாரம் இல்லை. ஆகவே ஆயிரம் ஆண்டு முன்னேறிய மனிதன் வாளும் வில்லும் கேடயமுமாக, வளைக்கப்பட்ட கூடாரத்துக்குள் நின்று பொருகிறான். நாவல் முழுவதிலும் இந்த ஓர் இடத்தில்தான் அது உண்மையிலேயே நொச்சி. ஆனால் அவன் காப்பது மனித குலத்தை அல்ல, அந்த வட்டத்துக்குள் உயிரோடு மிஞ்சிய சிலரை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். படையில் பெண்களுக்குச் சம இடம் கொடுத்த ஆசிரியர், அவர்கள் சக வீரர்களின் இச்சைக்கு இணங்குவது ராணுவ வழக்கமும் விதியும் என்று போகிற போக்கில் எழுதிவிட்டுப் போகிறார். இன்று படிக்கும்போது அது உறுத்துகிறது, உறுத்தத்தான் வேண்டும். மக்கள்தொகையைக் குறைக்க அரசுகளே தன்பாலீர்ப்பை ஊக்குவிப்பதாக வரும் பகுதியும் பழைய காலத்து எண்ணமாகவே நிற்கிறது. ஆனால் அதிலும் ஒன்று உண்டு. பின்னாளில் மண்டெல்லா தலைமை தாங்கும் படையில் எல்லோரும் தன்பாலீர்ப்புடையவர்கள், அவன் ஒருவன்தான் அவர்கள் கண்ணுக்கு விகாரமானவன். யார் இயல்பானவர் என்பதை எண்ணிக்கைதான் தீர்மானிக்கிறது என்பதை 1974-இல் ஒரு போர்க்கதை சொன்னது சிறிய விஷயம் அல்ல.

முடிவுக்கு வருகிறேன். அந்தச் சண்டையிலிருந்து மண்டெல்லா திரும்பும்போது போர் எப்போதோ முடிந்திருக்கிறது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கும் மேல் நீண்ட போர், பொய்க் காரணத்தில் தொடங்கியது. காணாமல் போன கலத்தை டாரன்கள் அழிக்கவில்லை. இரண்டு இனமும் பேசிக்கொள்ள வழி பிறந்தபோது முதலில் எழுந்த கேள்வியே, நீங்கள் ஏன் தொடங்கினீர்கள் என்பதுதான். பேச முடிந்ததற்குக் காரணம், அதற்குள் மனித குலமும் டாரன்களைப் போலவே ஒரே அச்சில் வார்த்த நகல்களாக, ஒரே மனமாக மாறிவிட்டிருந்தது. எந்த மனித குலத்தைக் காக்கப் போனானோ அது இப்போது இல்லை.

அமெரிக்க வாசகர்களுக்கு இது கற்பனையாகப் பட்டிருக்காது. 1964 ஆகஸ்ட் 4 அன்று வியட்நாமை ஒட்டிய டாங்கின் வளைகுடாவில் தங்கள் கப்பல்கள் இரண்டாம் முறை தாக்கப்பட்டதாகச் சொன்னார்கள். மூன்று நாட்களில் போரை விரிவாக்கும் தீர்மானம் நிறைவேறியது. அப்படி ஒரு தாக்குதல் அன்று நடக்கவே இல்லை. அந்தப் போரின் மேட்டுநிலத்தில்தான் ஹால்டமன் காயம்பட்டுக் கிடந்தார்.

தொல்காப்பியத்தில் காஞ்சி என்றால் நிலையாமை. பிற்காலத்துப் புறப்பொருள் வெண்பாமாலையில் காஞ்சி என்றால் வந்த பகையை எதிர்த்துத் தன் நாட்டைக் காத்தல். ஒரே பூவுக்கு எப்படி இவ்வளவு தொலைவான இரண்டு பொருள் வந்தது என்று மாணவனாக இருந்தபோது குழம்பியிருக்கிறேன். இந்த நாவலில் அவை இரண்டும் ஒன்றாகவே இருக்கின்றன.

இந்த ஒன்று பிடித்தால் அடுத்து எதைப் படிக்கலாம் என்பதையும் சுருக்கமாகச் சொல்கிறேன். சிறுவர்களைத் தளபதிகளாக வளர்க்கும் ஆர்சன் ஸ்காட் கார்டின் 'எண்டர்ஸ் கேம்', 1985. எழுபத்தைந்து வயதில் படையில் சேரும் முதியவர்களைப் பற்றிய ஜான் ஸ்கால்சியின் 'ஓல்டு மேன்ஸ் வார்', 2005. ஹைன்லைனை முன்போ பின்போ கட்டாயம் படியுங்கள், அப்போதுதான் ஹால்டமன் எதனோடு மல்லுக்கட்டுகிறார் என்பது புரியும். 'தி ஃபாரெவர் வார்' வாங்கும்போது பதிப்பைப் பாருங்கள். நாவலை முதலில் பகுதி பகுதியாக வெளியிட்ட 'அனலாக்' இதழின் ஆசிரியர் பென் போவா, பூமிக்குத் திரும்பும் நடுப்பகுதி சோர்வூட்டுகிறது என்று மாற்றி எழுதச் சொன்னார். 1997-இலும் அதற்குப் பின்னும் வந்த பதிப்புகளில்தான் ஹால்டமன் முதலில் எழுதிய வடிவம் முழுமையாக இருக்கிறது. முன்னுரைக் குறிப்பில் அவரே அதைச் சொல்லியிருப்பார்.

நான் முதலில் படித்தது பழைய புத்தகக் கடையில் கிடைத்த, அட்டை போன ஒரு பிரதி. அதில் மேரிகேயின் கடிதத்தோடு கதை முடிந்தது. வேறு வேறு களங்களுக்கு அனுப்பிப் பிரிக்கப்பட்டபோது இருவருமே இனிப் பார்க்கப்போவதில்லை என்று முடிவு செய்துவிட்டவர்கள். கடிதத்தின் தேதி 2878. அவளும் சிலரும் சேர்ந்து ஒரு பழைய போர்க்கப்பலை விலைக்கு வாங்கியிருக்கிறார்கள். எங்கும் போவதற்காக அல்ல. ஐந்து ஒளியாண்டு தூரம் போய்த் திரும்பி வருவதற்கு மட்டும். வெளியே பத்து ஆண்டு கழிந்தால் கப்பலில் ஒரு மாதம். நான் அன்றே தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். காலம் 120 மடங்கு நீள வேண்டும். வேகம் பிடிக்கும் நேரத்தை விட்டுவிட்டுப் பார்த்தால், ஒளியின் வேகத்தில் 99.9965 சதவீதம். மண்டெல்லா 250 ஆண்டுக்கு மேல் தாமதமாக வந்தாலும் அவளுக்கு இரண்டு வயதும் சொச்சமும்தான் கூடியிருக்கும். கணக்கு சரியாக வந்தது. ராணுவம் அவர்களைப் பிரிக்கப் பயன்படுத்திய அதே சூத்திரத்தை எடுத்து அவள் காத்திருப்பதற்கான ஒரு வீடு கட்டியிருக்கிறாள். சீக்கிரம் வா என்று எழுதியிருந்தாள். அவன் போய்ச் சேர்ந்தானா என்பது என் பிரதியில் இல்லை.

இரண்டு ஆண்டு கழித்து ஒரு நண்பர் வீட்டில் வேறொரு பிரதியைப் புரட்டியபோதுதான் என்னுடையதில் கடைசித் தாள் கிழிந்து போயிருந்தது தெரிந்தது. அதில் ஒரு சிற்றூர்ச் செய்தித்தாளின் துணுக்கு இருந்தது. தேதி 3143 பிப்ரவரி 14. மேரிகே பாட்டர்-மண்டெல்லாவுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது.